உன் அப்பா குடிக்கவில்லை

மக்கா, சாப்பிட்டு முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து இதைப் படி. நின்ற நிலையில் ஓட்டிப் படித்துவிட்டு சட்டைப் பையில் சொருகுகிற கடிதம் இல்லை இது. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். மூன்று தடவை வாய்ஸ் மெசேஜ் போட்டேன். மூன்றையும் நீ கேட்பதற்கு முன்னால் அழித்துவிட்டேன். 'என்னத்தையோ அழிச்சிருக்கீங்களே அம்மா' என்று நீ கேட்டபோது, கை பட்டுவிட்டது என்று சமாளித்தேன். கை படவில்லை. நீ கேட்டுவிடுவாயே என்ற பயத்தில் நானே அழித்தேன். முப்பத்தோரு வருஷம் லேபில் நின்று ஊரார் ரத்தத்தின் அளவுகளை எழுதிய கை, இதையும் எழுதிவிடும் என்ற நம்பிக்கையில் தாளை எடுத்திருக்கிறேன். நீ இதை யாருக்குக் காட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை. வருகிற ஞாயிறு மகளிர் சங்கக் கூட்டத்தில் இதில் உள்ளதையே நான் எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறேன்.

இன்னும் பத்து நாளில் நீ ஜெர்மனிக்குப் போகிறாய். மூன்று வருஷம். அதற்கு முன்னால் சனிக்கிழமை வீட்டுக்கு வருவாய். நான் வைக்கிற மீன்குழம்பைச் சாப்பிடுவாய், என்னோடு வாய் ஓயாமல் பேசுவாய், பெட்டி கட்டுவாய். உன் அப்பா முற்றத்தில் நிற்பார். அவரைத் தாண்டும்போது, 'போயிட்டு வாறேன்' என்று மதிலைப் பார்த்துச் சொல்வாய். ஏழு வருஷமாக அப்படித்தானே நடக்கிறது. அப்படி நீ விமானம் ஏறிவிடக் கூடாது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா குடிக்கவில்லை. ஒரு நாளும் குடித்ததில்லை. மோட்டார் ஷெட்டில் பிராந்திக் குப்பியைப் பார்த்தேன் என்று நான் உன்னிடம் சொன்னது பொய்.

இங்கேயே நிறுத்திவிட்டு எனக்குப் போன் போடாதே. முழுக்கப் படி.

உனக்கு அப்போது இருபத்தொரு வயது. திருவனந்தபுரத்தில் எம்.எஸ்ஸி. முதல் வருஷம். அப்பா கொல்லயில் ஊரில் ஒன்றரை ஏக்கரைப் பாட்டத்துக்கு எடுத்து ஏத்தன் வாழை போட்டிருந்தார். அந்த வருஷம் அவருக்குச் சோர்வு வந்தது. நாலு குலையைச் சுமந்து வண்டியில் ஏற்றினால் மூச்சு வாங்கினார். வாய் கசக்கிறது, சோறு இறங்கவில்லை என்றார். எப்போதும் கிராம்பை மென்றுகொண்டிருப்பார். நான் ஒரு ஞாயிறு காலை, ஆராதனைக்குக் கிளம்புவதற்கு முன்னால், அவர் கையில் கட்டு போட்டு ரத்தம் எடுத்தேன். மறுநாள் லேபில் நானே மெஷினில் வைத்தேன். கல்லீரலுடைய அளவுகள் எல்லாம் எகிறிக் கிடந்தன. ஜி.ஜி.டி. மட்டும் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிற அளவுக்கு இருந்தது.

எங்கள் லேபில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உனக்கு நான் சொன்னதில்லை. குடித்தால் ஏறுகிற அந்த ஜி.ஜி.டி. கூடுதலாக வந்தால், சீட்டில் யார் பெயர் இருந்தாலும், 'ஆளு பார்ட்டியாக்கும்' என்று எங்களுக்குள் சொல்லிச் சிரிப்போம். பல தடவை அது சரியாகவும் இருந்தது. தவறிய தடவைகளை நாங்கள் யாரும் எண்ணி வைக்கவில்லை. அன்று என் புருஷனுடைய சீட்டைப் பக்கத்தில் நின்ற பெண் எட்டிப் பார்த்தாள். பெயரைக் கவனித்துவிட்டுச் சிரிக்காமல் போனாள். அவள் சிரித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு குத்தியிருக்காது. பிறகு ஸ்கேன் எடுத்தோம். ஸ்கேன் எடுத்த டாக்டர், கல்லீரலில் கொழுப்பு நிறைய உண்டு என்று சொல்லிவிட்டு, 'அல்பம் கழிக்கும், அல்லே?' என்று மலையாளத்தில் கேட்டார். கொஞ்சம் குடிப்பீங்க, இல்லையா என்று. அப்பா இல்லை என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். படித்தவர்கள் இரண்டு பேர் ஒரு படிக்காத ஆளை நடுவில் வைத்துக்கொண்டு முடிவுக்கு வந்துவிட்டோம்.

குடிக்காதவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு வரும் என்று அப்போதே எனக்குக் கேள்விதான். ஆனால் அது உடம்பு பெருத்தவர்களுக்கு வருவது என்று வைத்திருந்தேன். உன் அப்பாவோ ஒட்டடைக்கம்பு. இந்த உடம்பில் கொழுப்பு எங்கிருந்து வரும்? சாயங்காலம் சந்தையிலிருந்து வர ஏன் ஏழு மணி ஆகிறது? வாயில் ஏன் எப்போதும் கிராம்பு? என் மனசு ஒவ்வொன்றாக எடுத்துக் கோர்த்தது. மூன்று தலைமுறையாக சாராயத்தைத் தொடாத வீடு என்று கல்யாணம் பேசும்போது சொல்லிக்கொள்கிற குடும்பம் எங்களுடையது. நான் சபையின் மகளிர் சங்கச் செயலாளர். மது ஒழிப்பு ஞாயிறுக்கு வீடு வீடாக நோட்டீஸ் கொண்டுபோய்க் கொடுத்த ஆள். எனக்கே இப்படி என்று நினைத்தபோது துக்கத்தைவிட அவமானம்தான் முன்னால் வந்து நின்றது. அவருடைய சட்டைகளை மோந்து பார்த்தேன். அவர் குளிக்கப் போனபோது மோட்டார் ஷெட்டில் சாக்குகளைப் புரட்டினேன். வைக்கோலுக்குள் கையை விட்டேன். சந்தையில் டீக்கடை வைத்திருக்கிறவளிடம், இவர் எங்கே போகிறார் வருகிறார் என்று நைசாக விசாரித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை மக்கா. ஒரு மூடி கூடக் கிடைக்கவில்லை. கிடைக்காதது எனக்கு, இவர் எவ்வளவு சாமர்த்தியமாக ஒளிக்கிறார் பார் என்றுதான் பட்டது.

அந்த வாரம்தான் உனக்குப் போன் செய்து அழுதேன். நீ அன்றைக்கே விஞ்ஞானியாக இருந்தாய். நிதானமாகக் கேட்டாய்: "ரத்தத்தை வச்சு மட்டும் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. நீங்க கண்ணால கண்டீங்களா?" எனக்குச் சுருக்கென்று ஏறியது. நேற்று முளைத்தவன் எனக்கு ரத்தம் பார்க்கச் சொல்லித் தருகிறான் என்று கோபம். "கண்டேன்" என்றேன். சொன்னதோடு விட்டேனா? மோட்டார் ஷெட்டில், சாக்குக்கு அடியில், பாதி தீர்ந்த குப்பி என்று ஜோடித்தும் கொடுத்தேன். நான் அப்படி எதையும் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தேன், அதனால் பார்த்ததாகவே சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு எனக்குக் குற்ற உணர்ச்சி ஒன்றும் வரவில்லை என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். நல்ல தூக்கம் வந்தது.

நீ சனிக்கிழமை காலை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக முற்றத்துக்கு வந்தாய். அப்பா மம்மட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல், குடிப்பீங்களா என்று கேட்டாய். "இல்ல மக்கா" என்றார். "அம்மா குப்பியைக் கண்டிருக்காங்க" என்றாய். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் சமையல்கட்டு வாசலில் நின்றேன். நான் குப்பி எதையும் காணவில்லை என்று தெரிந்த ஆட்கள் அங்கே இரண்டு பேர். அவர் ஒரு வார்த்தை, 'உனக்க அம்மை கள்ளம் சொல்லுதா' என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன். அவர் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், மறுபடி குனிந்து மம்மட்டியைக் கழுவினார். நீ அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாய். உன்மேல் தப்பில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள்.

அடுத்து வந்தது மது ஒழிப்பு ஞாயிறு. நம் சபையில், குடியை விடுகிறவர்கள் அன்று முன்னால் வந்து ஒரு புத்தகத்தில் ஒப்பு போடுவது உனக்குத் தெரியும். யாராவது விஷயத்தைக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன்னால் அவரே வந்து ஒப்பு போட்டால், செயலாளர் வீட்டில் மனந்திரும்புதல் என்றாவது பேர் வருமே என்று என் புத்தி ஓடியது. அவரிடம் பேசினேன், அழுதேன், இரண்டு நாள் பட்டினி கிடந்தேன். கடைசியில் அவர் கேட்டார்: "நான் ஒப்பு போட்டா உனக்கு உறக்கம் வருமா?" வரும் என்றேன். "அப்ப போடுதேன்" என்றார். ஞாயிறன்று வெள்ளை வேட்டி கட்டி, தலைவாரி, எல்லாரும் பார்க்க நடந்து முன்னால் போய், தான் செய்யாத ஒன்றை விட்டுவிடுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். அது நன்றிக் கண்ணீர் என்று நினைத்தேன், என்ன ஒரு பொம்பளை நான்.

அதன் பிறகு அவருக்கு நடந்ததை நீ பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில், 'அண்ணாச்சி இப்பம் கிளீனாக்கும்' என்று தோளில் தட்டுவார்கள். சபைக் கமிட்டிப் பட்டியலில் அவர் பெயர் சத்தமில்லாமல் விட்டுப்போனது. மறு வருஷம் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள், எப்படிக் குடித்தேன், எப்படி விட்டேன் என்று இளைஞர்களுக்குச் சொல்லவேண்டுமாம். அதற்கு மட்டும் முடியாது என்றுவிட்டார். வீட்டில் போன் அடித்தால் சில நேரம் அவர் எடுப்பார். நீ, 'அம்மாகிட்ட குடுங்க' என்பாய். அவர் என்னிடம் நீட்டி, 'உனக்காக்கும்' என்பார். நான் பேசி முடிக்கிற வரை அங்கேயே எதையாவது எடுப்பது வைப்பதுபோல் நிற்பார். நான் போனை வைத்ததும், பையன் சாப்பிட்டானா என்று கேட்பார்.

இந்த வருஷம், நான் ஓய்வு பெறுவதற்கு நாலு மாசம் முன்னால், லேபுக்குப் புது ரீஏஜென்ட் வந்தது. ரத்தத்தோடு கலந்து அளவு காட்டுகிற மருந்து அது. புது டப்பா பிரித்தால் சோதித்துப் பார்க்கவேண்டும். யாராவது ஒரு ஆரோக்கியமான ஆளுடைய ரத்தம் வேண்டும். நான்தான் ஆரோக்கியமான ஆள், வேறு யார்? என் கையிலிருந்தே எடுத்து வைத்தேன். ஜி.ஜி.டி. கூடுதலாக வந்தது. மருந்து கெட்டுப்போய்விட்டது என்று சப்ளையருக்குப் போன் போட்டுக் கத்தினேன். பிறகு, அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோலை வைத்துப் பார்த்தேன். கன்ட்ரோல் கச்சிதமாக வந்தது. பழைய மருந்தில் என் ரத்தத்தை வைத்தேன். அதிலும் கூடுதல். மூன்றாவது முறையும் வைத்தேன். மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தாளில் என் பெயரை மறைத்துக்கொண்டு யாரிடமாவது காட்டினால், 'ஆளு பார்ட்டியாக்கும்' என்றுதான் சொல்வார்கள். அப்போதுதான் மக்கா, உன் அப்பா வெள்ளை வேட்டியில் நடந்துபோனது கண் முன்னால் வந்தது. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்று சாயங்காலமே அவரிடம் சொன்னேன். எனக்கும் அப்படியே வந்திருக்கிறது, நான் உங்களை நம்பாமல் பாவம் பண்ணிவிட்டேன் என்றேன். அவர் ஏதாவது சொல்வார், ஏசவாவது செய்வார் என்று காத்து நின்றேன். அவர் முகம் வெளிறிப்போய்விட்டது. "உனக்குக் கூடுதலா காட்டுதா? எவ்வளவு? நாளைக்கே டாக்டரைக் காணணும் பிள்ளே" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. மறுநாள் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினோம். எனக்கு ஆரம்ப நிலை. அவருக்கு ஏழு வருஷத்தில் கொழுப்பு முற்றித் தழும்பாகிவிட்டது. சர்க்கரையும் யாரும் கவனிக்காமல் ஏறியிருந்தது. குடிதான் காரணம், குடியை விட்டாயிற்று, இனி என்ன என்று நான் மறுபடி ரத்தம் எடுத்தே பார்க்கவில்லை. கையெழுத்து வாங்கியதோடு என் வைத்தியம் முடிந்துவிட்டது. ஒழுங்காக மருந்தும் சாப்பாடும் நடந்தால் பல வருஷம் ஓட்டலாம் என்கிறார் டாக்டர். ஓட்டலாம் என்று சொன்னாரே தவிர, ஓடும் என்று அவர் சொல்லவில்லை. நீ மூன்று வருஷம் இருக்கமாட்டாய் என்பதால் இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

உன்னிடம் அப்போதே சொல்லியிருக்கவேண்டும். தீசிஸ் எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளையைக் கலைக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். பிறகு இரண்டு மாசம் முன்னால், பரிசோதகர்கள் உன் தீசிஸைக் கேள்வி கேட்கிற டிஃபென்ஸ் வந்தது. 'அம்மா கண்டிப்பா வரணும்' என்று எனக்கு மட்டும் மெசேஜ் அனுப்பியிருந்தாய். அப்பா என்னைப் பாறசாலை ஸ்டேஷனில் பைக்கில் கொண்டுவந்து விட்டார். அன்று எதற்கோ இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். ரயில் வந்த பிறகும் போகாமல் நின்றார். நீங்களும் ஏறுங்கள் என்று நான் சொல்லவில்லை.

நீ பேசியது இங்கிலீஷில் என்றாலும், சமையல்கட்டில் நின்று நீ எனக்கு எத்தனையோ தடவை சொன்னதுதானே, எல்லாம் புரிந்தது. டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. நகல் வருகிறது. சில நகல்களைப் பார்த்து செல் புரதம் செய்கிறது. புரதமே செய்யாத நகல்கள் ஏராளம், அவற்றை ஒரு காலத்தில் குப்பை என்று ஒதுக்கி வைத்தார்கள். இப்போது அந்தக் குப்பைதான் கல்லீரலில் கொழுப்பு சேர்வதா எரிவதா என்பதில் கை வைக்கிறது. குட்டியாக ஒன்று, இருபத்திரண்டு எழுத்துதான், கல்லீரலில் மற்ற எல்லாக் குட்டிகளையும்விட நிறைய இருக்கிறது. எலியில் அதைக் கொஞ்சம் அமுக்கினால் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைகிறது. அடியோடு இல்லாமல் ஆக்கினால் கல்லீரலில் கொழுப்பு அடைகிறது. இன்னொன்று, கொலஸ்ட்ராலைச் செய்யச் சொல்லி உத்தரவு போடுகிற ஜீனுக்குள்ளேயே ஒளிந்து உட்கார்ந்திருக்கிறது. உத்தரவு போகும்போது இதுவும் கூடவே எழும்பி, கொலஸ்ட்ரால் செல்லை விட்டு வெளியே போகிற வழியை அடைத்து, கொழுப்பு எரிவதையும் தடுத்துவிடுகிறது. நீ ஐந்து வருஷம் பிடித்துக்கொண்டு நின்றது இந்தக் குட்டிகள் இல்லை, நீளமான ஒரு ஆர்.என்.ஏ., அதுவும் கல்லீரலில் கொழுப்பு சேர்வதில் கை வைக்கிறது என்று எலியில் காட்டினாய். ஒல்லியான ஆட்களுக்கும், ஒரு சொட்டுக் குடிக்காதவர்களுக்கும் கல்லீரல் இப்படி ஆகும் என்று முதல் படத்திலேயே நீ காட்டினாய். வெள்ளை வெள்ளையாகக் கொழுப்புக் குமிழிகள். உன் அப்பாவுக்குள் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பரிசோதகர் ஒருவர், கொஞ்சம் முசுடு, உன் நீளமான ஆர்.என்.ஏ. மனிதர்களிடமும் இதே வேலையைச் செய்கிறது என்று சொல்வாயா என்று மடக்கினார். நீ தண்ணீர் குடித்தாய். எலியில் பார்த்திருக்கிறேன், வளர்த்த மனித செல்லில் கொஞ்சம் பார்த்திருக்கிறேன், மனிதனில் பார்க்கவில்லை, அதனால் எனக்குத் தெரியாது என்றாய். ஐந்து வருஷ உழைப்பு. எதிரே உன் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிற ஆள். ஆமாம் என்று சொல்ல உனக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும். நீ தெரியாது என்றாய். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவனை நான்தான் பெற்றேனா என்று நினைத்தேன். அந்தக் குணம் என்னிடமிருந்து உனக்கு வரவில்லை மக்கா, அது மட்டும் நிச்சயம்.

அது முடிந்து கேன்டீனில் உட்கார்ந்தோமே, நினைவிருக்கிறதா? நான் மெதுவாக, ஒல்லியாக இருந்தாலும் வரும், குடிக்காமலும் வரும் என்கிறாயே, அப்படியானால் அப்பாவுக்கும் என்று இழுத்தேன். நீ என்னைக் கனிவாகப் பார்த்தாய். நான் அவரை மன்னிக்கப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டாய் போல. "அம்மா, அது நீங்க குப்பியைக் காணாம இருந்திருந்தா நானும் யோசிச்சிருப்பேன்" என்றாய். அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். கேன்டீனில் கூட்டம்கூட இல்லை. நான் வடையைப் பிய்த்து உன் தட்டில் வைத்தேன். அதற்கு எனக்கு மன்னிப்பு கேட்கவும் தெரியவில்லை. முதல் பொய் கோபத்தில் வந்தது. இதுவோ, எல்லாம் தெரிந்த பிறகு, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு செய்தது. நீ என்னிடமும் மதிலைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவாய் என்ற பயம்.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா எல்லாவற்றையும் கேட்டார். நீ எந்தச் சட்டை போட்டிருந்தாய் என்பதிலிருந்து, முசுடுப் பரிசோதகர் வரை. குடிக்காதவர்களுக்கும் வரும் என்று நீ படம் போட்டுக் காட்டியதைச் சொன்னபோது அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, "அப்பம் அவனுக்கு இப்பம் தெரியும், இல்லியா?" என்று கேட்டார். ஏழு வருஷத்தில் அவர் முகத்தில் நான் அப்படி ஒரு வெளிச்சம் பார்த்ததில்லை. நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை. அன்றிலிருந்து போன் அடித்தால் முதலில் அவர்தான் ஓடுகிறார். நீ 'அம்மாகிட்ட குடுங்க' என்கிறாய். அவர் என்னிடம் நீட்டுகிறார். அடுத்த தடவையும் ஓடுகிறார். இதைப் பார்த்துக்கொண்டு இனி என்னால் இருக்க முடியாது.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் அம்மா என்பதால் இரண்டு விஷயம் சொல்கிறேன். போகிற இடத்தில் உன் கைக்கு எத்தனையோ பேருடைய கல்லீரல் துண்டும் ரத்தமும் குழாயில் வரும். குழாயில் இருப்பதை மட்டும் எழுது. அந்த ஆள் எப்படி வாழ்ந்தான் என்பதை, தெரிந்தால் ஒழிய, எழுதாதே, மனசுக்குள்கூட எழுதாதே. இன்னொன்று, உன் உடம்பில் ஓடுவது எங்கள் இரண்டு பேருடைய ரத்தம். அவருடைய கல்லீரலும் என் கல்லீரலும் சேர்ந்து உனக்கு என்ன கொடுத்திருக்கிறதோ. ஊருக்கெல்லாம் ஆராய்ச்சி செய்கிறவன், போவதற்கு முன்னால் நீயும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடு. ராத்திரி புரோட்டாவைக் குறை. அங்கே தனியாக இருக்கிறோம் என்று பாக்கெட் தீனியில் குடும்பம் நடத்தாதே. கோபம் வந்தால் என்னை ஏசு, கூடப் பத்து வார்த்தை ஏசு, அதற்கெல்லாம் நான் தயார். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. அதைச் செய்கிற வீட்டில் கூட இருந்து பார்த்துவிட்டேன், தாங்காது.

இவ்வளவையும் எழுதி முடித்து உன் அப்பாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவருக்குத் தெரியாமல் இனி ஒன்றும் செய்வதில்லை என்று வைத்திருக்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். பேனாவைக் கேட்டார். ஏதோ இரண்டு வார்த்தை உனக்கு எழுதுவார் என்று சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் தந்தபோதுதான் பார்த்தேன். நான் குப்பியைக் கண்டதாகப் பொய் சொன்ன இடங்களை எல்லாம் தேடிப் பிடித்துக் கோடு போட்டு வெட்டியிருக்கிறார். முதல் தாளில் ஒரு வரி. நடுவில் இரண்டு பத்தி முழுக்க. கேன்டீன் முழுக்க. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றேன்.

"நான் குடிக்கேல்லன்னு மட்டும் தெரிஞ்சா போதும் அவனுக்கு. நீ கள்ளம் சொன்னேன்னு அறிஞ்சா அவன் உனக்க மொகத்தைப் பாக்கமாட்டான். தூர தேசத்துக்குப் போற பிள்ளைக்கு அம்மை வேணும், கேட்டியா" என்றார்.

புதுத் தாளில் மறுபடி எழுதி அனுப்பலாம் என்று முதலில் நினைத்தேன். வேண்டாம், இதையே அனுப்புகிறேன், அவரிடமும் சொல்லிவிட்டேன். கோடுகளுக்கு அடியில் எல்லா எழுத்தும் தெரிகிறது. முற்றத்தில் அன்று அவர் ஏன் பேசாமல் குனிந்தார் என்று உனக்கு நான் எத்தனை தாளில் எழுதினாலும் விளங்காது மக்கா. அந்தக் கோடுகளைப் பார். அவர் கையால் போட்டது. பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போடு. அவர்தான் எடுப்பார். என்னிடம் கொடுக்கச் சொல்லாதே.